ஊசிக்கு முன்னும் பின்னும்: முதல் மாடும் முதல் ஆடும் வாங்கியவர்களுக்கு

கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடி பக்கமோ புதுச்சேரியின் பாகூர் பக்கமோ கொஞ்சம் நிலத்தில் கொட்டகை போட்டு, ஒரு கலப்பினக் கறவை மாடும் நாலைந்து வெள்ளாடும் சில நாட்டுக்கோழிகளும் வாங்கி விட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாட்டை விற்றவர் தீவனத்தைப் பற்றிச் சொல்லியிருப்பார். பருவத்துக்கு வரும் நாளைப் பற்றியும் சொல்லியிருப்பார். நோய் வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தால், "ஒரு ஊசி போட்டால் எழுந்துவிடும்" என்று சொல்லிக் கயிற்றைக் கையில் கொடுத்திருப்பார். அவர் சொன்ன அந்த ஊசி அநேகமாக ஆன்டிபயாடிக்தான்.

எந்த மருந்து, எத்தனை மில்லி, எத்தனை நாள் என்பதை முடிவு செய்வது கால்நடை மருத்துவரின் வேலை. அதை இங்கே சொல்லித்தரப் போவதில்லை. சொல்லித்தருகிறவர்கள் ஏற்கெனவே ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள், அதுதான் சிக்கலே. ஊசிக்கு முன்னால் செய்ய வேண்டியவையும் பின்னால் செய்ய வேண்டியவையும் உங்கள் வேலை. மருந்து பலிப்பதும் வீணாவதும் பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது. டாக்டர் பத்து நிமிடம் வந்து போகிறார், மற்ற நேரமெல்லாம் மாடு உங்கள் பொறுப்பில் இருக்கிறது.

முதலில், அது பாக்டீரியாதானா?

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத் தாக்கும். வைரஸை ஒன்றும் செய்யாது. குடற்புழுவையும் ஒன்றும் செய்யாது. இது எல்லாருக்கும் தெரிந்த செய்திதான், ஆனால் கோழி தலையைத் திருகிக்கொண்டு சுற்றும்போது மறந்துபோகிறது.

நம் பக்கத்தில் அடிக்கடி காதில் விழும் பெயர்களை இரண்டாகப் பிரித்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மடிநோய், தொண்டை அடைப்பான், சப்பை நோய், அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்), கன்று வீச்சு நோய், செம்மறி ஆட்டின் துள்ளுமாரி, குளம்பழுகல் ஆகியவை பாக்டீரியாவால் வருபவை. கோமாரி, பெரியம்மை என்கிற தோல் கழலை நோய், ஆட்டுக்கொல்லி, நீலநாக்கு, கோழி அம்மை, கோழி வெள்ளைக்கழிச்சல் ஆகியவை வைரஸால் வருபவை. உண்ணி கடித்து மாட்டுக்கு வரும் காய்ச்சல்களில் சில இரண்டிலும் சேராதவை. இரத்தத்தை ஒரு சொட்டு கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் அவை பிடிபடும்.

வெள்ளைக்கழிச்சல் வந்த கோழிக்கு, மனிதர்களுக்கான டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்துச் சோற்றில் கலந்து வைக்கிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. சாக வேண்டிய கோழிகள் செத்துவிடும், தாங்குகிற கோழிகள் பிழைத்துக்கொள்ளும், பெயர் மட்டும் கேப்சூலுக்குப் போகும். அந்த நோய்க்குத் தடுப்பூசி ஒன்றே வழி. குஞ்சுக்குக் கண்ணிலும் மூக்கிலும் விடும் சொட்டு மருந்தில் தொடங்கி, எட்டு வாரத்தில் ஊசி போடுவதோடு முடியும். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் என்றைக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்வார்கள்.

கோமாரியில் ஒரு குழப்பம் உண்டு. அது வைரஸ் நோய், ஆனாலும் டாக்டரே ஆன்டிபயாடிக் போடுவதைப் பார்ப்பீர்கள். வாயிலும் குளம்பிடுக்கிலும் வெடித்த புண்களில் பாக்டீரியா புகுந்து சீழ் பிடிக்காமல் இருக்கத்தான் அது. கோமாரியை அந்த ஊசி குணப்படுத்தியது என்று எடுத்துக்கொண்டு, அடுத்த முறை வாயில் எச்சில் ஒழுகியதுமே நீங்களாகக் கடைக்கு ஓடாதீர்கள்.

டாக்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால்

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று கொட்டகையில் இருக்கட்டும். அதன் முனையில் நூல் கட்டி, நூலின் மறுமுனையில் ஒரு கிளிப்பை மாட்டுங்கள். ஆசனவாயில் வைத்துவிட்டு, கிளிப்பை வால் மயிரில் கவ்வவிட்டால் கீழே விழாது, உள்ளேயும் போகாது. மாட்டுக்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. ஆட்டுக்கு 102 முதல் 104 வரை இருக்கும். புதியவர்கள் ஆட்டின் 103-ஐப் பார்த்துப் பதறுவது வழக்கம், பதற வேண்டாம். கோழியின் உடல் 106, 107 என்று எப்போதும் சூடாகவே இருக்கும். மே மாதத்து மத்தியானத்தில் தகரக் கொட்டகைக்குள் நிற்கிற மாட்டை அளந்து காய்ச்சல் என்று சொல்லாதீர்கள். காலையில், நிழலில், மாடு நடந்து வந்த இளைப்பு ஆறிய பிறகு அளவெடுங்கள்.

போனில் சொல்ல வேண்டியவை இவை: எப்போதிருந்து தீவனம் எடுக்கவில்லை, அசை போடுகிறதா, சாணம் எப்படி இருக்கிறது, காய்ச்சல் எத்தனை, சினையா, கறவையா, இதற்கு முன் யார் என்ன ஊசி போட்டார்கள். கடைசிக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லுங்கள். நேற்று பக்கத்து ஊர்க்காரரைக் கூட்டிவந்து ஊசி போட்டதை மறைத்தால், இன்று வருகிற டாக்டர் அதே மருந்தை மறுபடியும் போட்டு இன்னொரு நாளை வீணாக்க நேரும். தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்கள் 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம். புதுச்சேரி எல்லையை ஒட்டி இருப்பவர்களுக்குக் குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கைக்கு எட்டும் தூரம். கடலூர்க்காரர்கள் பலரும் அங்கே போகிறார்கள்.

அடுத்தது எடை. மருந்தின் அளவு கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவது. கண்ணால் பார்த்து "முந்நூறு கிலோ இருக்கும்" என்று சொல்வதில் ஐம்பது கிலோ தப்பு சர்வசாதாரணம். தையல் டேப் போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி அங்குலத்தில் அளங்கள். தோள் முனையிலிருந்து பின்புற இடுப்பெலும்பு முனை வரை நீளத்தை அளங்கள். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 64 அங்குலம், நீளம் 56 அங்குலம் என்றால் ஏறக்குறைய 348 கிலோ. இந்த எண்ணை டாக்டரிடம் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகு அவர் உங்களோடு பேசுகிற விதமே மாறும்.

மடிநோய்

கறவை மாடு வைத்திருப்பவர் ஆன்டிபயாடிக்கைச் சந்திப்பது பெரும்பாலும் இந்த நோயில்தான். அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

மடிக்குள் பாக்டீரியா போகிற வழி காம்பின் நுனி ஓட்டை ஒன்றுதான். இரண்டு கூட்டம் அதற்காகக் காத்திருக்கிறது. ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளில் சில, மாட்டுக்கு மாடு கறப்பவரின் கை வழியாகவும் மடி துடைக்கும் ஒரே துணி வழியாகவும் பரவுகின்றன. ஈகோலை போன்றவை சாணத்திலும் சேற்றிலும் இருந்து ஏறுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் நம் மாவட்டத்துக் கொட்டகைகள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பரவனாற்றுப் பக்கமும் வெள்ளாற்றுப் பக்கமும் தண்ணீர் ஏறி வடிந்த பிறகு, மாடு படுக்கும் இடம் காய வாரக்கணக்கில் ஆகும். அந்த ஈரத்தில் மடி நேராகப் படுகிறது.

கறப்பதற்கு முன் ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு மூன்று பீய்ச்சலைப் பாத்திரத்தில் விடாதீர்கள். கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். நல்ல பால் துணியில் சீராக வழிந்து இறங்கும். நோய்ப் பால் இறங்கும்போது, அரிசி நொய் அளவில் வெள்ளைத் திப்பிகள் துணியின் மேல் தங்கும். சில நேரம் நீர்த்துப்போய் மோர்த்தெளிவின் நிறத்தில் இருக்கும், சில நேரம் இளஞ்சிவப்பாக இரத்தம் கலந்திருக்கும். வெறுந்தரையில் பீய்ச்சிவிட்டுப் போகிறவர்களுக்கு இது எதுவும் தெரிவதில்லை. தரையில் பீய்ச்சுவது இன்னொரு வகையிலும் தப்பு, மாடு படுக்கிற இடத்தில்தான் கிருமி விழுகிறது.

மடி வீங்காமல், திப்பியும் இல்லாமல், பால் மட்டும் குறைந்துகொண்டே போகிற மறைமுக மடிநோய் உண்டு. அதற்குக் கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை என்று நாலு குழி உள்ள தட்டும் ஊதா நிறத் திரவமும் விற்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் துணி சோப்புத்தூளைக் கரைத்து, ஒவ்வொரு காம்பின் பாலோடும் சம அளவு கலந்து ஒரு நிமிடம் சுழற்றுங்கள். கஞ்சி போல் கெட்டிப்பட்டால் அந்தக் காம்பில் கோளாறு இருக்கிறது. மாதம் ஒரு முறை செய்து பார்ப்பது நல்லது.

மடி சூடாகி, கல்லாகி, மாடு காய்ச்சலோடு தீவனத்தை ஒதுக்கினால் அன்றே டாக்டர் வர வேண்டும். ஈகோலை வகை மடிநோய் ஒரே நாளில் மாட்டைச் சாய்த்துவிடும். ஆரம்ப நிலையில், மாடு தெளிவாக இருந்து திப்பி மட்டும் வருகிறது என்றால், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தேசியப் பால்வள வாரியமும் பரிந்துரைக்கிற மூலிகைப் பூச்சு ஒன்று இருக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். சேர்த்து அரைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் இளக்கி, பாலை முழுக்கக் கறந்துவிட்டு மடியெங்கும் பூச வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள். பத்து முறை என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் இரண்டு முறை பூசிவிட்டு, மூலிகை வேலை செய்யவில்லை என்று சொல்வார்கள்.

ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மடிக்குள் ஆழமாகத் தங்கிச் சுற்றிலும் தழும்பு கட்டிக்கொண்டால், எந்த மருந்தும் அங்கே போய்ச் சேருவது அபூர்வம். திரும்பத் திரும்ப அதே காம்பில் வருகிற மாட்டுக்கு ஊசி மேல் ஊசி போடுவதைவிட, அதைக் கடைசியாகக் கறப்பதும், பால் வற்றும் காலத்தில் டாக்டரைக் கேட்டுக் காம்புக்குள் மருந்து விடுவதும் பலன் தரும். அதற்கும் மசியாவிட்டால், அந்த மாட்டைக் கறவையிலிருந்து விலக்கிவிட வேண்டியதுதான். கசப்பான பேச்சுதான், ஆனால் மற்ற மாடுகளின் மடியையும் பார்க்க வேண்டுமே.

ஊசிக்கு முன்னால் ஒரு குப்பி பால்

இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

முதல் ஊசி போடுவதற்கு முன்பே நோயுள்ள காம்பின் பாலைக் கொஞ்சம் எடுத்து வைத்துவிட வேண்டும். மருந்து உள்ளே போன பிறகு எடுத்த பாலில் கிருமி வளராது, ஆய்வகத்தில் ஒன்றும் தெரியாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காம்பைக் கழுவி நன்றாகத் துடையுங்கள். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் காம்பின் நுனியைத் துடைத்து, பஞ்சு அழுக்கில்லாமல் வரும்வரை பஞ்சை மாற்றிக்கொண்டே இருங்கள். முதல் பீய்ச்சல்களைத் தனிக் கிண்ணத்தில் விட்டுவிட்டு, மருந்துக் கடையில் விற்கும் கிருமி நீக்கிய குப்பியைச் சாய்வாகப் பிடித்து, வாய்ப்பகுதி காம்பில் படாமல் பத்து மில்லி வரை பீய்ச்சி உடனே மூடுங்கள். நேராகப் பிடித்தால் மடியிலிருந்து உதிரும் மயிரும் தூசியும் உள்ளே விழும். மேலே தேதியையும் எந்தக் காம்பு என்பதையும் எழுதி, ஐஸ் கட்டி வைத்த டப்பாவில் கொண்டுபோங்கள்.

ஆய்வகத்தில் அந்தப் பாலில் உள்ள கிருமியை ஒரு தட்டில் வளர்த்து, வெவ்வேறு ஆன்டிபயாடிக் ஊறிய சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைப்பார்கள். மருந்துக்குக் கிருமி அடங்கினால் வில்லையைச் சுற்றி ஒரு தெளிந்த வட்டம் விழும். அடங்காவிட்டால் வில்லையை ஒட்டியே கிருமி மண்டியிருக்கும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை டாக்டர் தன் அனுபவத்தை வைத்து ஒரு மருந்தைத் தொடங்கியிருப்பார். மாடு தேறவில்லை என்றால், அடுத்த மருந்தை ஊகத்தில் எடுக்க வேண்டிய அவசியம் இருக்காது.

மருந்தின் நன்மையும் கேடும்

அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டது 1928-இல். 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது அவரே எச்சரித்தார்: போதாத அளவில் கொடுத்தால் கிருமிகள் மருந்தைத் தாங்கப் பழகிவிடும் என்று. நன்மையும் கேடும் அன்றைக்கே சேர்த்துச் சொல்லப்பட்டுவிட்டன. நாம்தான் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டோம்.

நன்மை சின்னதல்ல. தொண்டை அடைப்பான் கண்ட மாட்டுக்குக் காய்ச்சல் ஏறிய முதல் சில மணி நேரத்தில் சரியான மருந்து போனால் பிழைக்கும். தொண்டை வீங்கி மூச்சுக் குறட்டை கேட்கத் தொடங்கிய பிறகு போட்டால் பிழைப்பது அரிது. நிமோனியாவில் வாயைத் திறந்து மூச்சு வாங்கும் ஆட்டுக்கு, 'எங்கள் பண்ணை இயற்கைப் பண்ணை' என்று சொல்லிக் கஷாயம் மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது இயற்கை ஆகாது, அது வதை. மருந்தே வேண்டாம் என்கிற கட்சியிலும் நான் இல்லை, எதற்கெடுத்தாலும் மருந்து என்கிற கட்சியிலும் இல்லை.

கேடுகளில் முதலாவது, அடங்காத கிருமி. டாக்டர் ஐந்து நாள் சொல்லியிருப்பார். இரண்டாம் நாள் மாடு தவிடு தின்றதும் ஊசி நின்றுவிடும். நடுவயலில் கோரையைக் கிழங்கை விட்டுவிட்டு அறுத்ததைப் போலத்தான் இது. நாலு நாளில் மறுபடியும் தலை தூக்கும், இந்த முறை அதே மருந்துக்கு மசியாமல் போகலாம். அந்தக் கிருமி கொட்டகையோடு நிற்பதுமில்லை. பாலிலும் சாணத்திலும் கையிலும் ஏறி வீட்டுக்குள் வரும். இந்தியாவில் கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குப் பயன்படுத்த 2019-இல் தடை விதித்தார்கள். வேறு எந்த மருந்தும் பலிக்காத மனித நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கிற மருந்து அது. அதைக் கோழித் தீவனத்தில் எடை ஏறுவதற்காகக் கலந்துகொண்டிருந்தார்கள். தீவனத்தில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-லேயே முழுவதும் நிறுத்திவிட்டது.

இரண்டாவது, வயிறு. ஆடும் மாடும் உயிர் வாழ்வதே முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்களால்தான். புல்லைச் செரிப்பவை அவைதான். அசை போடத் தொடங்கிய ஆட்டுக்கு வாய்வழியாக மனித கேப்சூலைக் கொடுத்தால், நோய்க்கிருமிக்கு முன்னால் இந்த நுண்ணுயிர்கள் சாகும். நோய் போனாலும் ஆடு தின்னாது. முயல் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அமாக்சிசிலினை வாய்வழி கொடுத்தால் முயல் குடல் கெட்டுச் செத்தே போகும்.

பிறகு சில்லறைக் கேடுகள். சில்லறை என்றது எண்ணிக்கையில்தான். பெனிசிலின் போட்ட சில நிமிடங்களில் அரிதாகச் சில மாடுகள் ஒவ்வாமையால் நடுங்கி விழும். அதனால் ஊசி போட்டவரைக் காபி கொடுத்தாவது அரைமணி நேரம் உட்கார வையுங்கள். ஜென்டாமைசின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதிலும் கழிச்சலில் நீர் வற்றிய கன்றுக்கு அது இரட்டைச் சுமை. கன்றுக்கழிச்சலில் பெரும்பாலும் கன்றைக் கொல்வது கிருமியைவிட நீர் இழப்புதான். உப்பு சர்க்கரைக் கரைசலை விடாமல் கொடுங்கள், ஊசி தேவையா என்பதை அடுத்து டாக்டர் சொல்லட்டும். சீழ் கட்டிய கட்டியும் அப்படித்தான். கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றாமல் வெளியிலிருந்து எத்தனை ஊசி போட்டாலும் மருந்து அதற்குள் சரியாகப் போகாது.

பக்கத்து வீட்டுக்காரர் அன்பாகத்தான் கேட்பார்: "அண்ணே, போன மாதம் என் மாட்டுக்குப் போட்டதில் பாதி பாட்டில் மீதி இருக்கிறது, தரட்டுமா?" வாங்காதீர்கள். திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும், எந்தச் சூட்டில் கிடந்தது, எத்தனை முறை பழைய ஊசி உள்ளே போய் வந்தது என்பது அவருக்கும் தெரியாது.

பால், முட்டை, கறி

ஊசி போட்ட பிறகு மருந்து உடலை விட்டுப் போகச் சில நாள் ஆகும், விலக்கு காலம் என்பது அதுதான். அந்த நாட்களின் பால், முட்டை, கறி எதையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. எத்தனை நாள் என்பதை லேபிளில் அச்சிட வேண்டும் என்று மருந்து விதிகளில் 2012-இல் திருத்தம் வந்தது. அப்படிக் குறிப்பிட்ட காலம் நிர்ணயிக்கப்படாத மருந்துக்குப் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், கறிக்கு 28 நாள் என்று அதே விதி சொல்கிறது. நாட்களைக் கடைசி ஊசியிலிருந்து எண்ண வேண்டும், முதல் ஊசியிலிருந்து அல்ல.

காம்புக்குள் ஒரு டியூப் மருந்து விட்டால் அந்த ஒரு காம்பின் பாலைத்தான் கொட்ட வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். மருந்து இரத்தத்தில் ஏறி மற்ற மூன்று காம்புகளிலும் இறங்கும். நாலு காம்புப் பாலும் விலக்கப்பட வேண்டியதே. காய்ச்சினால் போய்விடும் என்பதும் தப்பு. கொதிக்கவைப்பதில் பெரும்பாலான ஆன்டிபயாடிக் எச்சம் அழிவதில்லை. உறை ஊற்றிய பால் மறுநாள் காலையிலும் தயிராகாமல் கிடந்தால், பாலில் இருந்த மருந்து உறைமோரின் பாக்டீரியாவைக் கொன்றிருக்க வாய்ப்பு உண்டு. அதற்காக, தயிர் உறைந்துவிட்டதே என்று பாலுக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. சங்கத்தில் உங்கள் நாலு லிட்டர் ஊரார் பாலோடு கலக்கிறது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். விலக்கிய பாலைக் கன்றுக்குக் கொடுக்கிறவர்களும் உண்டு. கன்றின் குடலில் அடங்காத கிருமியை வளர்க்க அதைவிட எளிய வழி இல்லை. குழி தோண்டி ஊற்றி மூடுங்கள்.

இதைவிட மோசமானது ஆட்டில் நடக்கிறது. இரண்டு நாள் ஊசி போட்டும் தேறாத ஆட்டை, செத்துப்போவதற்குள் அறுத்துவிடலாம் என்று முடிவெடுப்பார்கள். மருந்தும் நோயும் சேர்ந்து அந்தக் கறியில் இருக்கும். நட்டத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், வேறு என்ன சொல்ல.

பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் இறால் குட்டை எடுக்க நினைப்பவர்களுக்கு இரண்டு வரி. குளோராம்பெனிகாலும் நைட்ரோஃபியூரான் வகைகளும் இறாலில் முற்றிலும் தடை செய்யப்பட்டவை. எச்சம் கண்டால் ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வரும். வெள்ளைப்புள்ளி நோய் வைரஸ், அதற்கு எந்த ஆன்டிபயாடிக்கும் கிடையாது. மீன் வளர்ப்பவர்களுக்கு விலக்கு காலத்தை 500 டிகிரி நாள் என்று விதி சொல்கிறது, அதாவது நீரின் வெப்பநிலையை நாட்களால் பெருக்கினால் 500 வர வேண்டும். குளத்து நீர் 28 டிகிரி செல்சியஸ் என்றால் 18 நாள் வரும்.

ஊசியே வேண்டாதபடி

தடுப்பூசிகளில் தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் உரியவற்றை மழைக்காலத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கி, மாடு முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது மருந்தகத்தைத் தேடுவதில் பயனில்லை. கன்று வீச்சு நோய்க்கான தடுப்பூசி 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே முறை. இந்த நோய் பச்சைப் பால் வழியாகவும், வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுப்பதாலும் மனிதருக்கு வரும். விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டுவலியுமாக மாதக்கணக்கில் வாட்டும். கையுறை போடுங்கள், பாலைக் காய்ச்சிக் குடியுங்கள்.

அடைப்பானுக்கும் கன்று வீச்சுக்கும் போடுபவை உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள். அந்த நாட்களில் மாடு ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருந்தால், மருந்து தடுப்பூசிக் கிருமியையே கொன்று ஊசியை வீணாக்கிவிடும். முகாமில் இதைக் கேட்க நேரம் இருக்காது, நீங்களாகச் சொல்ல வேண்டும். ஆரோக்கியமாக நின்ற மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் வடிந்தால் தோலை உரிக்காதீர்கள், வயிற்றைக் கீறாதீர்கள். அடைப்பானாக இருந்தால், கீறிய இடத்து மண்ணில் அந்தக் கிருமியின் வித்துகள் பல பத்தாண்டுகள் கிடக்கும். மருந்தகத்துக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் சொன்னபடி ஆழமாகக் குழி எடுத்துச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

மடிக்கு எளிய பாதுகாப்பு இரண்டு. கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்குங்கள். கறந்த கையோடு தொட்டியில் தீவனம் வையுங்கள். காம்பின் ஓட்டை மூட அரைமணி நேரமாவது ஆகும், தின்கிற மாடு அதுவரை நின்றுகொண்டிருக்கும். கன்றுக்குப் பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் வயிறு நிறையக் கிடைக்கட்டும்.

வீட்டு நாயைப் பற்றியும் ஒன்று. நம் கடற்கரை ஈரத்தில் நாய்க்கு உண்ணி ஓயாது, அதன் வழியாக வரும் எர்லிக்கியா காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் நன்றாக வேலை செய்யும். ஆனால் அது ஏறக்குறைய நாலு வாரம் கொடுக்க வேண்டிய மாத்திரை. நாய் இரண்டாம் நாளே வாலாட்டும், நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையைப் பாலில் போட்டுக் கொடுக்கவும் கூடாது, பாலின் கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். சோற்றுருண்டையில் வையுங்கள்.

நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொட்டகைத் தூணில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு பதிவு இப்படி இருந்தால் போதும்:

கறுப்பு மாடு. எடை 348 கிலோ, டேப்பில். வலது பின்காம்பு மடிநோய், காய்ச்சல் 104. பால் மாதிரி 7-ஆம் தேதி காலை எடுத்தாயிற்று. மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் பாட்டிலைப் பார்த்து. முதல் ஊசி 7 மாலை, கடைசி ஊசி 9 மாலை. லேபிளில் பாலுக்கு 4 நாள். 14-ஆம் தேதி காலைப் பாலிலிருந்து சங்கத்துக்கு.

நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வேறொருவர் கறக்க வருவார், அவர் நோட்டைப் பார்ப்பார் என்று நம்ப முடியாது. விலக்கு நாள் முடியும்வரை அந்த மாட்டின் பின்னங்காலில், கறக்கக் குனிந்தால் கண்ணில் படுகிற உயரத்தில், ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள்.